பழைய மாமரத்தில் ரம்பம் வைக்கும் முன்: கிருஷ்ணகிரி, தருமபுரி தோப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரா ரக மாங்காய்ப் பறிப்பு ஓய்ந்து, நீலம் ரகமும் இறங்கிவிட்டால் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் மரம் வெட்டுகிறவர்கள் தோப்பு தோப்பாக வருவார்கள். பேச்சு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "கூலி வேண்டாம்ணா, விறகை நாங்களே எடுத்துக்கிறோம்." கைக்காசு செலவில்லை என்று தோப்புக்காரரும் தலையாட்டிவிடுவார். தோப்பு கெட ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். விறகைக் கூலியாக வாங்குகிறவருக்குத் தடித்த கிளைதான் காசு. மரத்துக்கு வெட்ட வேண்டியதோ காய்ந்த குச்சி, புல்லுருவி பிடித்த கொம்பு, ஒன்றோடொன்று உரசும் நடுத்தரக் கிளை. இவற்றுக்குச் சூளையில் விலை கிடையாது.

ஆகவே ஆளுக்கு நாள் கூலி, அல்லது மரத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். விறகைத் தனியாக எடை போட்டு விற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கிளை போக வேண்டும் என்று முதல் நாளே சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். கோடு போடாத கிளையில் ரம்பம் படக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் பேசாமல் கனமான கவாத்தை, அதாவது கிளை வெட்டைத் தொடங்காதீர்கள். வெட்டிய பகுதி அடுத்த பருவத்தில் பூக்காது. இரண்டு மூன்று வருடக் குத்தகை என்றால், எந்த வருடம் எத்தனை மரம் வெட்டுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

எந்த மரத்துக்கு எவ்வளவு

எல்லா மரத்துக்கும் ஒரே வெட்டு இல்லை. 10, 15 வயது மரத்துக்கு லேசான கவாத்து போதும்: காய்ந்தது, நோய் பிடித்தது, தரையைத் தொடுவது, உள்நோக்கி வளர்வது, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர்ப்பது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை செய்தால் சரியாக இருக்கும்.

30, 40 வயதைத் தாண்டிய மரத்தின் கதை வேறு. 30 அடிக்கு 30 அடி என்று நட்ட பழைய தோப்பில் ஏக்கருக்கு 48 மரம் நிற்கும். கிளைகள் பின்னிக்கொண்டு நடுவில் வெயிலே விழாது. இலையும் காயும் உச்சியில் மட்டும் இருக்கும். மருந்து அங்கே எட்டாது. நிழலில் தத்துப்பூச்சி பெருகி, அது கழிக்கும் தேனில் கரும்பூசணம் படர்ந்து இலையே கறுத்துவிடும். இந்த மரங்களுக்குத்தான் புத்துயிர்க் கவாத்து, அதாவது பெருங்கிளைகளைக் குறைத்துப் புது விதானம் உண்டாக்குவது.

அதற்கும் தகுதி பார்க்க வேண்டும். கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் மாறி டொம் டொம் என்று வந்தால் உள்ளே பொந்து. பொந்தின் வாயில் மெல்லிய இரும்புக் கம்பியை விட்டுச் சுவரின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். அது மரத்தின் அரைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் அந்த மரத்தில் ஆளை ஏற்றக்கூடாது. 2 அடி விட்டமுள்ள மரத்தில் சுற்றிலும் 4 அங்குலமாவது நல்ல கட்டை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ, ஒரு பக்கம் மண் மேலெழும்பி வெடித்திருந்தாலோ வேர் போய்விட்டது. அந்த மரத்துக்குக் கவாத்து வீண்செலவு. எடுத்துவிட்டு மறுநடவு செய்வது மேல். காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பையூர் 1, நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை ரகம். நெருக்கி நடவும் ஏற்றது.

காலம்

பறிப்பு முடிந்ததிலிருந்து புரட்டாசி பிறப்பதற்குள் வெட்டை முடித்துவிடுங்கள். ஆடிக் கடைசியும் ஆவணியும் நல்ல காலம். வெட்டுக்குப் பூசிய பசை காய வெயில் கிடைக்கும், பின்னால் வரும் மழையில் தளிர் வரும், மாசி பங்குனி வெயிலுக்குள் அந்தத் தளிர் முற்றி நிழல் கொடுக்கும். தை மாசியில் வெட்டினால் பூவும் போகும், திறந்துவிட்ட கிளைப் பட்டை கோடை வெயிலில் வெந்து வெடிக்கும். அந்த வெடிப்புதான் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும் இடம். வட இந்தியாவில் மார்கழிக் குளிரில் வெட்டச் சொல்வார்கள். அங்கே குளிரில் மரம் ஓய்வெடுக்கும், பருவமும் வேறு. அதை அப்படியே இங்கே எடுத்துச் செய்யக்கூடாது.

ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் அல்போன்சா போன்ற ரகங்களில், அமோகமாகக் காய்த்த வருடம் முடிந்ததும் வெட்டுங்கள். அடுத்த வருடம் எப்படியும் காய் குறையும், நட்டம் அதிலேயே அடங்கிவிடும்.

ஏறும் முன்

மரத்தைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து, அண்ணாந்து பார்த்து வாருங்கள். கம்பி, தேன்கூடு, காய்ந்த கொம்பு ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் படாமல் போனாலும் விபத்துதான்.

மின்கம்பி கிளைக்குள்ளோ கிளையிலிருந்து 10 அடிக்குள்ளோ போனால் மரத்தைத் தொட வேண்டாம். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். 11 கே.வி. லைன் என்றால் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாவும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி வாங்கி, லைன்மேன் வந்து எர்த் போட்ட பிறகுதான் ஆள் ஏற வேண்டும். "இப்போ பவர் கட்தான், ஏறிடு" என்ற பேச்சை நம்பி ஏறக்கூடாது. கட் எந்த நிமிடமும் முடியும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் கம்பியில் திரும்பி வரும். மின்வாரியத்தின் புகார் எண் 94987 94987.

மலைத்தேனீ கூடு இருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். மெஷின் சத்தமும் அதிர்வும் போதும், கூட்டமாகக் கிளம்பிவிடும். உயரத்தில் பெல்ட்டோடு கட்டியிருப்பவரால் ஓட முடியாது. தேன் எடுப்பவரை வைத்து முதல் நாள் இரவே கூட்டை அகற்றிக்கொள்ளுங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூடுகளையும் கவனியுங்கள். கடி ஆபத்தில்லை என்றாலும், கையில் ரம்பம் இருக்கும் நேரத்தில் கண்ணருகே கடித்தால் கை தானாக உதறும்.

ரோட்டோரப் புளியமரமும் ஏரிக்கரை மரமும் உங்கள் நிலத்தை ஒட்டி நின்றாலும் உங்களுடையவை அல்ல. அந்தந்தத் துறையின் அனுமதி வேண்டும். சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறைக்குத் தெரியாமல் கை வைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிப்பு வந்தது.

கயிறும் ரம்பமும்

இடுப்பில் துண்டைக் கட்டி ஏறும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உடல் முழுவதும் பிடிக்கும் ஹார்னஸ் வாங்குங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டு விழுந்தால் முதுகெலும்பும் வயிறும் அடி வாங்கும். எப்போதும் இரண்டு பிடி இருக்க வேண்டும். தலைக்கு மேலே, 4 அங்குலத்துக்குக் குறையாத உயிருள்ள கவட்டையில் போட்ட ஏறு கயிறு ஒன்று. இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றும் குட்டைக் கயிறு இன்னொன்று. இடம் மாறும்போது ஒன்றைக் கழற்றலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது. மெஷின் ரம்பம் ஓடும்போது இரண்டும் மாட்டியே இருக்க வேண்டும். கயிறு ரம்பத்தின் பாதையில் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே விசையை அழுத்த வேண்டும்.

கிளை இறக்கும் கயிறு வேறு, ஏறும் கயிறு வேறு. இறக்குவதற்கு 16 மி.மீ. நைலான் கயிறு நல்லது. சந்தையில் விற்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து உளுத்திருக்கும், முறுக்கினால் தூள் உதிரும். ஒரு அடி விட்டமும் 10 அடி நீளமும் உள்ள பச்சைக் கிளைத்துண்டு 200 கிலோவை நெருங்கும். அது ஓர் ஆள் உயரம் விழுந்து கயிற்றில் சுண்டினால் கயிற்றுக்கு வரும் இழுப்பு அதைப்போல் பல மடங்கு. அதனால் கயிற்றைக் கையால் பிடிக்காமல், கீழே அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி மெல்ல விட்டுக்கொடுங்கள். கையில் சுற்றிக்கொள்பவரின் விரல் போய்விடும்.

மணிக்கட்டு கனம் வரை கை ரம்பம்தான். அரிவாள் வேண்டாம். ஓங்கிப் போடும் வெட்டில் கட்டை பிளந்து, பட்டை தாய்க்கிளையோடு உரிந்து வரும். அதற்கு மேல் கனமென்றால் மெஷின் ரம்பம். பெட்ரோலில் ஆயில் கலப்பது அந்த மெஷினின் கையேட்டில் உள்ளபடி: 1:50 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 1:25 என்றால் 40 மி.லி. அறுக்கும்போது தூள் சீவல் சீவலாக வந்தால் செயின் கூர்மை. மாவாக வந்தால் மழுங்கிவிட்டது, நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அறுக்கும்போதுதான் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் ஓடும் இரும்புப் பட்டையின் மூக்கு நுனியில் மேல்பாதி எதிலும் படக்கூடாது. தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் கூடவே கூடாது.

கீழே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் 108 வரும் வரை காத்திருக்க நேரம் இருக்காது. கிளை விழும் முன் மேலிருப்பவர் "வருது!" என்று குரல் கொடுத்து, கீழிருந்து "விடு!" என்று பதில் வந்த பிறகே கடைசி அறுப்பை அறுக்க வேண்டும். ஆவணியில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை கட்டும். காலை 7 மணிக்கு ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது.

வெட்டும் இடம்

கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மேல்பக்கக் கவட்டையில் பட்டை சுருங்கி ஒரு கறுத்த வரி ஓடும். கீழ்ப்பக்கம் கிளை தொடங்கும் முன் சற்றே புடைத்திருக்கும். மோதிரம் போட்ட விரல்போல் தெரியும் அந்தப் புடைப்புதான் மரத்தின் காவல். வெட்டுக்காயத்தை அடைத்து மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது.

மனிதத் தோல்போல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகல் பரவாமல் உள்ளே சுவர் எழுப்பி, வெளியே புதுக் கட்டை வளர்த்து மூடுகிறது. அமெரிக்க வனத்துறையில் ஆய்வு செய்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதைத் தெளிவாக்கினார். புடைப்பையும் சேர்த்து மரத்தோடு மட்டமாக அறுத்தால் அந்தச் சுவர் எழும் இடமே போய்விடும். நான்கைந்து வருடத்தில் அங்கே பொந்து விழும். அதற்குப் பயந்து ஒரு முழம் கட்டை விட்டு வெட்டினால், அந்தக் கட்டை செத்து, அதன் வழியாக அழுகல் உள்ளே நடக்கும். நம் ஊர்த் தோப்புகளில் இந்த இரண்டாவது தவறுதான் அதிகம்.

கனமான கிளையை மூன்று அறுப்பில் எடுக்க வேண்டும்.

1. தாய்மரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி விட்டத்தில் கால் பங்கு அறுக்கவும். அதற்கு மேல் போனால் கிளையின் பாரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்.
2. அதிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து கீழே அறுக்கவும். கிளை இந்த இடத்தில் முறிந்து விழும். கிழிசல் முதல் அறுப்பைத் தாண்டி வராது.
3. மிச்சக் கட்டையைக் கையால் தாங்கி, புடைப்புக்கு வெளியே, சாய்வாக, சுத்தமாக அறுத்தெடுக்கவும். கவட்டை வரியில் தொடங்கி, கீழே புடைப்பு முடியும் இடத்தில் வெளியே வர வேண்டும்.

முதல் அறுப்பை விட்டுவிட்டு மேலிருந்து மட்டும் அறுத்தால், பாதியிலேயே கிளை தொங்கி, அடிமரம் வரை இரண்டு மூன்று அடிக்குப் பட்டையை உரித்துக்கொண்டு போகும். அந்தக் காயத்துக்கு வைத்தியமே கிடையாது.

சரியாக வெட்டிய காயத்தைச் சுற்றி ஒரு வருடத்தில் வட்டமாகப் புது விளிம்பு தெரியும். விளிம்பு மேலும் கீழும் இல்லாமல் இரு பக்கமும் மட்டும் வந்திருந்தால், வெட்டு மரத்தோடு மட்டமாகப் போய்விட்டது என்று பொருள். அடுத்த மரத்தில் திருத்திக்கொள்ளலாம்.

புத்துயிர்க் கவாத்து, மூன்று வருடத்தில்

ஒரே நாளில் எல்லாக் கிளையையும் மொட்டையடிக்கலாம், சில மரம் தழைக்கவும் செய்யும். ஆனால் இங்கத்து வெயிலுக்கும் துளைப்பானுக்கும் அது பெரிய சூதாட்டம். மூன்று வருடமாகப் பிரிப்பதுதான் சரி.

முதல் வருடம் நடுவில் நெட்டுக்குத்தாக உயர்ந்த ஒன்று அல்லது இரண்டு கிளைகளை மட்டும் எடுத்து வெயிலுக்கு வழி விடுங்கள். இரண்டாம் வருடம் மேற்கைத் தவிர்த்து மற்றப் பக்கத்துக் கிளைகளில் பாதியையும், மூன்றாம் வருடம் மீதியையும் தரையிலிருந்து 10 முதல் 12 அடி உயரத்துக்குக் குறைத்துவிடுங்கள். மேற்குப் பக்கத்தைக் கடைசியில் வைப்பது பிற்பகல் வெயிலுக்காக. எந்த வருடமும் மரத்தில் பாதி இலையாவது மிஞ்ச வேண்டும்.

உயரத்தைக் குறைக்கும்போது, வெட்டும் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே அறுங்கள். அந்தப் பக்கக்கிளை சாற்றை இழுத்துக்கொண்டு கட்டையைச் சாகவிடாது. அப்படிக் கிளை இல்லையென்றால் மழைநீர் நிற்காதபடி சரிவாக அறுங்கள்.

போர்டோ பசை

தாரும் பெயின்ட்டும் சாணமும் வேண்டாம். தாருக்கு அடியில் ஈரம் தங்கி அழுகல் கூடும். சிறு வெட்டுகளைச் சும்மா விட்டாலே மரம் பார்த்துக்கொள்ளும். ஆனால் நுனிக்கருகல் நோய் உள்ள மாந்தோப்பில் 2 அங்குலத்துக்கு மேற்பட்ட காயங்களுக்குப் போர்டோ பசை பூச வேண்டும். வெட்டிய அன்றே பூசிவிடுங்கள்.

அளவு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட கல் சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ போதும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது, துத்தம் அரித்துவிடும்.

முதல் நாள் இரவே துத்தத்தைத் துணியில் முடிந்து 5 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்க விடுங்கள். அடியில் போட்டால் கரையாமல் கட்டியாக நிற்கும். இன்னொரு வாளியில் சுண்ணாம்பை முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நீற்றி, கொதிப்பு அடங்கியதும் 5 லிட்டராக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். நீற்றும்போது முகத்தை விலக்குங்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றி மரக்குச்சியால் கலக்குங்கள். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, பட்டை கருகும். படிவு நிற்கும் வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். பல மாதம் மூட்டையில் கிடந்து தூளாகிப்போன சுண்ணாம்புக்கு வீரியம் இல்லை. பசை உதவாமல் போவது பெரும்பாலும் அதனால்தான். கலந்த பசையை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

வெயில் புதிதாகப் படும் கிளைகளுக்கும் அடிமரத்துக்கும் சுவருக்கு அடிக்கும் பதத்தில் வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். மாசியில் இன்னொரு பூச்சு வேண்டும்.

வெட்டிய பிறகு

வெட்டோடு வேலை முடிந்ததாக நினைத்து விட்டுவிடும் தோப்புகள் மூன்றே வருடத்தில் பழையபடி அடர்ந்துவிடும். குறைத்த கிளை ஒவ்வொன்றிலும் சில வாரங்களில் கொத்தாகத் தளிர் வெடிக்கும். மூன்று நான்கு மாதம் கழித்து, வெளிநோக்கிய, இடைவெளி உள்ள 8 முதல் 10 தளிர்களை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். தளிர் இலைகள் கத்தரித்ததுபோல் தரையில் கிடந்தால் இலைவெட்டும் வண்டின் வேலை. முட்டை அந்தத் துண்டு இலைகளில்தான் இருக்கும், அவற்றைக் கூட்டி எரியுங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் மரத்துக்கு 50 கிலோ தொழுவுரத்தோடு தழைச்சத்து 1, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 1.5 கிலோ. கடை உரத்தில் சொன்னால் யூரியா 2.2, சூப்பர் பாஸ்பேட் 6.25, பொட்டாஷ் 2.5 கிலோ. அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல், 2, 3 அடி தள்ளித் தொடங்கி இலை நிழல் விழும் எல்லை வரை கொத்திக் கலந்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். பட்டையில் ஓட்டையும், கீழே மரத்தூளும் எச்சமும் கலந்து ஈரமாக வழிந்தும் இருந்தால் உள்ளே துளைப்பான் புழு. நுனி வளைத்த சைக்கிள் கம்பியை ஓட்டையில் விட்டுத் திருகி இழுங்கள். கம்பியில் வெள்ளையாகப் பால்போல் ஒட்டினால் புழு நசுங்கிவிட்டது. பிறகு ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள். பஞ்சில் நனைத்து வைக்க முன்பு எல்லோரும் வாங்கிய டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து 2020 முடிவோடு தடையாகிவிட்டது. பழைய புட்டி இருந்தாலும் எடுக்காதீர்கள். வேறு மருந்து வேண்டுமானால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு வாங்குங்கள்.

புல்லுருவியை உரித்துப் போட்டால் மறுபடி முளைக்கும். அதன் வேர்க்கால் கிளைக்குள்ளே ஊர்ந்திருக்கும். ஒட்டிய இடத்துக்கு ஒரு அடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும். பழம் பழுக்கும் முன் வெட்டினால்தான் பறவை அதைத் தோப்பு முழுக்கப் பரப்பாது. பக்கத்துத் தோப்புக்காரரும் அதே மாதத்தில் வெட்டச் சம்மதித்தால் பலன் இரட்டிப்பு.

புளியும் மற்ற மரங்களும்

மாமரத்தில் பழகிய கை புளியில் ஏமாறும். புளியங்கிளை சட்டென்று முறியாது, வளைந்து, பட்டையோடு தொங்கி, ஆடி வந்து ஏறியவரையே அடிக்கும். முதல் அறுப்பை இங்கே இன்னும் ஆழமாக, மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்து, கிளை நுனியைக் கயிற்றில் கட்டியே இறக்க வேண்டும். கட்டை கடினம், செயினுக்கு அடிக்கடி அரம் வேண்டும். புளி உலுக்கி முடிந்த பங்குனியில் காய்ந்த கொம்பை மட்டும் எடுத்தால் போதும். மொட்டையடித்த புளி காய்ப்புக்குத் திரும்ப நாளாகும்.

முருங்கையும் இலவும் ஆள் பாரம் தாங்காமல் திடீரென்று ஒடியும். அவற்றில் ஏறாமல், தரையிலிருந்து தொரட்டி ரம்பத்தால் வெட்டுங்கள். வேம்புக்குக் காய்ந்த கிளை எடுப்பதைத் தவிர வேறு கவாத்து தேவைப்படுவதில்லை.

புத்துயிர்க் கவாத்தில் குறைத்த கிளையில், வெட்டியதிலிருந்து மூன்றாம் வருடம்தான் எண்ணிக்கையாகக் காய் பிடிக்கும். அந்த வருடம் குத்தகை பேச உட்காரும் முன், மரத்துக்கு மரம் ஏறிக் காயங்களின் விளிம்பைப் பாருங்கள். மூடாமல் கறுத்துக் குழி விழுந்த வெட்டுகள் உள்ள மரங்களை எண் போட்டுக் குறித்துவைத்து, அவற்றின் பாரக்கிளைகளுக்கு முட்டுக்கால் கொடுத்த பிறகே காயைப் பெருக விடுங்கள்.